நினைவுச் சன்னலைக் கீழிருந்து படியுங்கள்

இங்கிலாந்தில் கிராமத்துக் கிறிஸ்தவப் பங்குக் கோயில்கள் பலவற்றில் இறந்துபோன யாரோ ஒருவரின் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றாவது இருக்கும். நாமோ அண்ணாந்து பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

முதலில் நேரம். பலிபீடத்துக்குப் பின்னால் இருப்பது பொதுவாகக் கிழக்குச் சன்னல், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கையில் ஒரு சின்ன பைனாகுலர் இருக்கட்டும்.

அப்புறம் பார்வையை அடிப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். 'கடவுளின் மகிமைக்காகவும் இன்னாரின் அன்பான நினைவாகவும்' என்ற மாதிரி ஒரு வரி ஓடும். அதில் இருப்பது பெரும்பாலும் இறந்த தேதிதான், சன்னல் பல வருஷம் கழித்து வந்திருக்கலாம், ஆகவே அந்த ஆண்டை வைத்துக் கண்ணாடியின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். பெயர் தெரிந்ததும் மேலே இருக்கும் புனிதர் உருவத்துக்குப் போங்கள், இறந்தவர் யார் என்று அது கொஞ்சம் சொல்லும்: கவசம் போட்ட புனித ஜார்ஜ் என்றால் முதல் உலகப் போரில் இறந்த சிப்பாயாக இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவர்களின் புனிதர் லூக்கா என்றால் டாக்டரோ என்று யோசிக்கலாம், இசையின் புனிதை செசிலியா என்றால் இசைக்காரரோ என்று யோசிக்கலாம்.

கீழ் மூலைகளைத் துழாவுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு கோதுமைக்கதிர்க் கட்டு தென்பட்டால் அது விக்டோரியா காலக் கண்ணாடிக் கலைஞர் சார்லஸ் கெம்ப்பின் பட்டறைக் குறி. கதிர்க்கட்டின் மேல் கறுப்புக் கோபுரமும் இருந்தால் அவர் 1907இல் இறந்த பிறகு செய்தது.

சில சன்னல்களில் உடை பளிச்சென்று இருக்கும், முகம் மட்டும் அழிந்துபோயிருக்கும். 1860களில் பல பட்டறைகள் பெயின்டில் போராக்ஸ் என்ற உப்பைக் கலந்ததன் விளைவு அது, ஈரம் பட்டுப் பட்டுக் கோடுகள் உதிர்ந்துவிட்டன. தூசிதானே என்று துடைத்துவிடாதீர்கள், மிச்சமும் போய்விடும்.

இப்படிக் கீழிருந்து படித்துப் பழக வேண்டுமானால் கென்ட் பகுதியில் டன்பிரிட்ஜ் அருகே இருக்கும் ட்யூட்லி கோயிலுக்குப் போங்கள். 1963இல் ரை என்ற ஊர் அருகே பாய்மரப் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்த 21 வயதுப் பெண் சாராவுக்காக, பெற்றோர் ஓவியர் மார்க் ஷகாலிடம் கேட்டு வாங்கிய கிழக்குச் சன்னல் 1967இல் அங்கே பொருத்தப்பட்டது. இங்கேயும் கீழிருந்துதான் தொடங்க வேண்டும்: நீலத் தண்ணீரில் மிதக்கும் உடல், பிறகு துக்கத்தில் இருப்பவர்கள், சிவப்புக் குதிரை, ஏணி, உச்சியில் சிலுவையில் இயேசு. சன்னலைப் பார்க்க வந்த ஷகால் கோயிலின் மற்ற சன்னல்களையும் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். அவர் இறந்த 1985இல்தான் பன்னிரண்டு சன்னல்களும் முடிந்தன. அப்போது கழற்றிய பழைய விக்டோரியா காலக் கண்ணாடிகளை வீசிவிடவில்லை, பாதிரியார் உடைமாற்றும் அறையில் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், கிளம்புவதற்கு முன் அதையும் எட்டிப் பாருங்கள்.