செங்டுவிலிருந்து லாசா விமானம்: திபெத் பெர்மிட் வாங்கிய என் அனுபவம்

சீன விசா மட்டும் இருந்தால் திபெத்தின் தலைநகர் லாசாவுக்குப் பறக்க முடியாது; உள்நாட்டு விமானம்தான் என்றாலும் வெளிநாட்டவருக்குத் திபெத் சுற்றுலா பெர்மிட் கட்டாயம், அதையும் நாமே போய் வாங்க முடியாது, பயண ஏஜென்சி வழியாகத்தான் எடுக்க வேண்டும். என் ஏஜென்சி ஸ்கேன் காப்பியை அனுப்பிவிட்டு, இதுவே போதும் என்றது. ரயிலுக்குச் சரி, விமானத்துக்கு ஒரிஜினல் தாளையே கேட்பார்கள். விடாமல் பேசி அதை, நான் விமானம் ஏறும் சீன நகரமான செங்டுவில் என் ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்ப வைத்தேன். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும் இல்லையா, அதை ஓர் எழுத்து விடாமல் ஹோட்டல் ரிசப்ஷனுக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டதால் உறை பத்திரமாக வந்து சேர்ந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், சிவப்பு முத்திரை மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்த்தேன். விமான நிலையத்தில் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கூரியர் தாமதமாகலாம், அதனால் ஓரிரு நாள் முன்னதாகவே செங்டு போய்விடுங்கள்.