கீழ்த்தளப் பார்க்கிங்கிலும் காம்பவுண்டுக்குள்ளும் மழைவெள்ளம்: மோட்டார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கொத்தனாரிடம் ‘பேஸ்மென்ட்’ என்றால், தரைக்கு மேலே எழுப்பும் அடித்தளச் சுவரைத்தான் காட்டுவார். இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. சென்னை அடுக்குமாடிகளில் சரிவுப்பாதை வழியாக இறங்கிப் போகும் கீழ்த்தளப் பார்க்கிங், அதைச் சுற்றியிருக்கும் காம்பவுண்டு ஆகியவற்றைப் பற்றி. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்படிப்பட்ட மழை வந்தால் எந்த ஏற்பாடும் திணறும். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே கீழ்த்தளம் நிரம்புகிறது என்றால் அதைச் சரிசெய்ய முடியும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வழியைக் கண்டுபிடிப்பது

நாலு வழிகள் உண்டு. மழை வலுக்கும்போதே சரிவுப்பாதையில் ஓடி வந்தால் அது ரோட்டுத் தண்ணீர். நாற்றத்தோடு, நானி ட்ராப்பிலோ (குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாய்) கழிவறைப் பீங்கானிலோ குமிழ் விட்டு ஏறினால் அது சாக்கடை எதிர்த்து வருவது. மழை நின்ற மறுநாளும் சுவரும் தரையும் சேரும் இடுக்கில் தெளிவாகக் கசிந்தால் நிலத்தடி நீர். நாலாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: மின்கேபிளும் தண்ணீர்க் குழாயும் சுவரைத் துளைத்து உள்ளே வரும் ஓட்டைகள். வெளியே மண் ஊறியதும் கேபிள் குழாயே வாய்க்காலாகி, நேராக மீட்டர் பெட்டிக்குக் கீழே கொட்டும்.

வழிக்கு வழி வைத்தியம் வேறு. ரோட்டுத் தண்ணீர் வரும் வீட்டில் உள்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பூசுவதும், நிலத்தடி நீர் ஊறும் வீட்டில் வாசலில் மணல்மூட்டை அடுக்குவதும் காசைக் கரைக்கிற வேலை.

கொஞ்சம் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். மணிக்கு 5 செ.மீ. பெய்தால் நிமிடத்துக்குச் சுமார் 185 லிட்டர். கூரை இல்லாத சரிவுப்பாதை 60 சதுர மீட்டர் என்றால் அதில் விழுவது நிமிடத்துக்கு 50 லிட்டர்தான். ஒரு எச்.பி. வடிநீர் மோட்டார் இதைச் சுலபமாக வெளியேற்றும்.

ஆனால் ரோட்டில் தண்ணீர் ஏறி, மூன்றரை மீட்டர் அகலச் சரிவுப்பாதையின் உச்சியைத் தாண்டி வெறும் 2 அங்குல உயரத்துக்கு வழிந்தால் உள்ளே விழுவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். 400 சதுர மீட்டர் கீழ்த்தளம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரம்பிவிடும். அதே தண்ணீரை நிமிடத்துக்கு 250 லிட்டர் இறைக்கும் மோட்டாரால் எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் வாசல் தடுப்புக்கு முதலிடம், மோட்டாருக்கு இரண்டாமிடம்.

வாசலில் தடுப்பு

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுத் தார் போட்டதில், பல தெருக்களில் ரோடு வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தால் தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டின் நடு மேட்டிலும் மறுமுனையைச் சரிவுப்பாதையின் உச்சியிலும் பிடியுங்கள். உச்சி 6 முதல் 9 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த உயரத்துக்குக் கான்கிரீட்டில் மேடு எழுப்புங்கள். மேடு செங்குத்தாக இருந்தால் காரின் அடிவயிறு தட்டும். இருபுறமும் ஐந்தாறு அடி நீளத்துக்குச் சாய்த்துக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் செருகு பலகை. இரண்டு பக்கத் தூண்களிலும் இரும்பு ‘சி’ சேனலை போல்ட் போட்டு முறுக்கி, அதற்குள் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கலாம். அடியிலும் ஓரங்களிலும் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். பலகை வளைந்துதான் பெரும்பாலும் தோற்கும்: மூன்றரை மீட்டர் அகலத்தில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் தள்ளும் விசை சுமார் 365 கிலோ. ஆகவே நடுவில் கழற்றி மாட்டும் தூண் ஒன்று கட்டாயம். அதற்கான குழியை இப்போதே தரையில் போட்டு, மூடி வைத்துவிடுங்கள்.

மணல்மூட்டை என்றால் சிமென்ட் சாக்கில் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டும் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி நடுவில் சந்து விழும். செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்து அமுக்குங்கள். தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாய் விரித்து, அதன் கீழ் முனையை முதல் வரிசைக்கு அடியில் செருக வேண்டும். பத்தடி வாசலில் ஒரு அடி உயரம் எழுப்ப 60 மூட்டை ஆகும். புயல் அறிவிப்பு வந்த பிறகு மணல் தேடினால் கிடைக்காது.

சாக்கடை எதிர்த்து வந்தால்

காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசிக் கழிவுநீர்ச் சேம்பருக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே, தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு ஒன்று போட வேண்டும். திறந்து சுத்தம் செய்யும்படி தனிச் சேம்பரில் இருக்கட்டும். துணியோ முடிச்சுருளோ சிக்கினால் அதன் நாக்கு மூடாது. செப்டம்பரில் ஒருமுறை கழுவியே ஆக வேண்டும்.

வால்வு மூடியிருக்கும்போது உங்கள் கட்டடத்துக் கழிவும் வெளியே போகாது. மூன்றாம் மாடியில் ஃப்ளஷ் செய்தால் அது தரைத்தள வீட்டுக் கழிவறையில் பொங்கும். ஆகவே ரோட்டில் தண்ணீர் இறங்கும்வரை மேல்வீட்டுக்காரர்கள் குளியல், துணி துவைப்பு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வால்வு இல்லாத வீட்டில் தற்காலிகமாக, கெட்டியான பாலிதீன் பையில் ஈரமணல் கட்டி நானி ட்ராப்பின் மேலும் பீங்கானின் வாயிலும் அழுத்தி வைக்கலாம்.

நிலத்தடி நீருக்கு

உள்பக்கம் சிமென்ட் பூசினால் ஒரே பருவத்தில் பொருக்காக உதிரும். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுகிறதே. விரிசலுக்குள் பாலியூரித்தேன் என்ற ரசாயனப் பிசினைச் செலுத்தி அடைக்கலாம், ஆனால் ஒரு இடத்தில் அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தில் வரும். மலிவும் நம்பகமுமான வழி, சுவரோரம் 4 அங்குல அகலத்தில் ஓரக் கால்வாய் வெட்டி, கசிவை ஒரு வடிகுழிக்குக் கொண்டுபோவது. மழைநீர் சேகரிப்புக் கிணறு இங்கே காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். அக்டோபரில் அது நன்றாக உறிஞ்சும். கார்த்திகையில் நிலத்தடி மட்டம் மேலே வந்துவிட்டால் அதிலும் தண்ணீர் நிற்கும்.

குடிநீர்ச் சம்பை (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி) கனமழைக்கு முன் வழிய நிரப்பி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மண் ஊறிய நேரத்தில் காலியான தொட்டியைக் கீழிருந்து நீர் மேலே தூக்கும். பிளாஸ்டிக் தொட்டி மிதந்தே விடும், செங்கல் தொட்டியில் அடித்தளம் விரியும். சம்பின் வாயை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, மூடிக்கு ரப்பர் வளையம் போட்டால் வெள்ளம் உள்ளே கலக்காது.

மோட்டார்

போர்வெல் மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது; அது தெளிந்த நீரை உயரத்துக்கு ஏற்றச் செய்தது, சேறு பட்டால் போய்விடும். மேலே உட்காரும் மோனோபிளாக், ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்சாது; தானும் நனையக் கூடாது. சேற்றுநீரைத் தாங்கும் மூழ்கு மோட்டார் இரண்டு வாங்குங்கள்: ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க. வடிகுழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் போதும். தண்ணீர் ஏறியதும் மோட்டாரைத் தானாக ஓட்டும் ஃப்ளோட் சுவிட்சின் மிதவை சுவரில் உரசாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். அது சிக்கி நின்றதால் மூழ்கிய கீழ்த்தளங்கள் ஏராளம்.

இரண்டு அங்குல வாய்க்கு ஒரு அங்குல ஹோஸ் மாட்டினால் மோட்டாரின் திறன் வீண். வெளியேற்றும் குழாயை ரோட்டு வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றி, வளைத்து, மழைநீர் வடிகாலில் விட வேண்டும். நேராக விட்டால், மோட்டார் நின்றதும் தெருத் தண்ணீர் அதே குழாயில் திரும்பும். காம்பவுண்டுக்குள் விட்டால் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். இலையும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சும் வாயை அடைக்காமலிருக்க, துளையிட்ட பக்கெட்டுக்குள் மோட்டாரை வைத்து இறக்குங்கள். டீசல் மோட்டாரையோ ஜெனரேட்டரையோ கீழ்த்தளத்துக்குள் ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் ஏறும்போது

லிஃப்ட்டை மேல்மாடியில் நிறுத்தி சுவிட்சை அணையுங்கள். அதன் குழிதான் முதலில் நிரம்பும். கார்களை அதற்கு முன்பே வெளியேற்றியிருக்க வேண்டும். நனைந்து நிற்கும் காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து அதன் கனெக்டிங் ராடு வளையும். மெயின் சுவிட்சை, தண்ணீர் அங்கே போகும் முன் அணைக்க வேண்டும். அது ஏற்கெனவே தண்ணீரில் இருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள். மெயின் அணைந்தாலும் இன்வெர்ட்டர் 230 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். அதையும் அணைத்தாக வேண்டும். தெருவில் தேங்கியது பற்றி மாநகராட்சிக்கு 1913.

வடிந்த பிறகு

வெளியே மண் இன்னும் ஊறியிருக்கும்போது ஒரே மூச்சில் இறைத்துவிடாதீர்கள். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் வெளி அழுத்தத்துக்கு எதிராகச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். பழைய செங்கல் சுவர் என்றால் ஒரு அடி இறக்கி, சுவரில் கோடு போட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கோடு மறுபடி மூழ்கியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

சம்பில் வெள்ளம் கலந்திருந்தால் முழுக்க இறைத்து, சேறு வாரி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கரைத்து 24 மணி நேரம் வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நல்ல நீர் பிடிக்கலாம். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே பக்கெட்டில் சேரவே கூடாது, விஷவாயு வரும். எலிக்காய்ச்சல் பரவும் தண்ணீர் இது, கம்பூட் இல்லாமல் இறங்க வேண்டாம். நனைந்த சுவிட்ச் போர்டுகளை எலக்ட்ரீஷியன் சோதிக்கும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

சுவரில் தண்ணீர்க் கறை மறைவதற்குள் அந்த மட்டத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதுங்கள். வாசல் தூணிலும் அதேபோல. அடுத்த ஆண்டு செருகு பலகை அந்தக் கோட்டுக்கு மேல் ஆறு அங்குலம் நிற்க வேண்டும்.