குளிர்காலத் தூண்டில்: ஆற்றிலும் காயலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் தொடங்கியதும் நண்பர்களோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் புதியவர்கள் வருஷம் தவறாமல் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகிறார்கள். முடிச்சு அவிழ்வது, இரை கெட்டுப்போவது எல்லாம் ஒரே நாளில் தானாகப் பாடம் கற்றுக்கொடுத்துவிடும். இங்கே சொல்பவை அப்படிச் சுலபத்தில் பிடிபடாதவை.

விடியலுக்கு முன்பே போய் நிற்பது

கோடையில் விடியற்காலை நல்ல நேரம்தான். குளிர்காலத்தில் இரவு முழுக்கக் குளிர்ந்த நீர் அப்போதுதான் மிகவும் சில்லென்று இருக்கும். நீரின் சூட்டோடு மீனின் உடற்சூடும் இறங்கிவிடுவதால் செரிமானம் மந்தமாகும், இரையைத் துரத்தவும் செய்யாது. வெயில் ஏறி, ஆழமில்லாத சேற்றுப் பரப்பு சூடான பிறகு, பிற்பகலில்தான் அது அசையும். அந்த நேரத்தில் வற்றம் (கடல்மட்டம் இறங்குவது) நடந்தால் சூடான நீர் சிற்றோடைகள் வழியாக ஆழமான ஓடைக்கு இறங்கும். அவை சேரும் வாயில் தூண்டில் போடுங்கள்.

காயலுக்குக் கடல் அட்டவணையை நம்புவது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறு இது. மீன் போவது சின்ன நஷ்டம். இதில் ஆளே மாட்டிக்கொள்ளலாம்.

ஆப்பில் தெரியும் ஏற்ற வற்ற நேரம் பெரும்பாலும் கடற்கரைக்கோ துறைமுகத்துக்கோ கணக்கிட்டது. காயலுக்குள் நீர் போவதும் வருவதும் ஒடுங்கிய முகத்துவாரம் வழியாக. கடல் வற்றி முடித்து மறுபடி ஏறத் தொடங்கும்போதும் காயலின் மட்டம் கடலைவிட உயரமாகவே இருக்கும். இரண்டும் சமமாகும்வரை உள்நீர் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தாமதம் சில இடங்களில் அரை மணி, சில இடங்களில் பல மணி நேரம். முகத்துவாரம் மணலால் குறுகக் குறுகத் தாமதம் கூடும்.

நாலு பேர் சேர்ந்து போனால் நடப்பது இதுதான். அட்டவணை வற்றம் 2 மணிக்கு முடியும் என்கிறது. இரண்டரைக்கும் நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. "ஆப் தப்பு, நேரம் நிறைய இருக்கு" என்று ஒருவர் சொல்ல, முழங்காலளவு ஓடையைக் கடந்து எல்லோரும் மணல் திட்டுக்குப் போகிறார்கள். நாலு மணி வாக்கில் நீர் திரும்புகிறது. திரும்பிய கொஞ்ச நேரத்தில் மீனும் கடிக்கத் தொடங்குகிறது. யாருக்கும் கிளம்ப மனம் வராது. ஆழம் குறைந்த பல காயல்களில் வற்றம் நீண்ட நேரம் இழுக்கும், ஏற்றமோ குறுகிய நேரத்தில் வேகமாக முடியும். குளிர்காலப் பொழுதும் சீக்கிரம் சாயும். திரும்பிப் பார்க்கும்போது பின்னால் உள்ள ஓடை இடுப்பளவு, குளிர்ந்த நீர், இழுப்பு, அரையிருட்டு.

இதைத் தவிர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கம்பில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, நீர் விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் உள்ளே ஊன்றுங்கள். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். மட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை மாறாமல் நின்றால் நீர் திரும்பப் போகிறது. அந்த நேரத்துக்கும் அட்டவணை நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இடத்தின் தாமதம். குறித்து வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு கணக்கு, அஷ்டமியை ஒட்டி வேறொரு கணக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள். மழைவெள்ளமோ கடுங்காற்றோ வந்தால் இரண்டுமே மாறும்.

கம்பைப் பார்க்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். எல்லோரும் பார்ப்போம் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நீர் திரும்பி, நின்ற மட்டத்துக்கு மேலுள்ள முதல் கோடு நனைந்ததும், மீன் கடித்தாலும் சரி, எல்லோரும் கரைக்கு. ஏற்றத்து மீனைக் கரையில் நின்றே பிடிக்கலாம்.

ரீலை (நரம்பு சுற்றும் உருளையை) வேகமாகச் சுற்றுவது

பாதி வேகம் போதும். நடுநடுவே நிறுத்துங்கள்.

கடி தெரியாத மிதவை

குளிர்ந்த மீன் இரையைப் பிடுங்காது, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும். மிதவை 3 செ.மீ. வெளியே நின்றால் அந்தக் கடி தெரியவே தெரியாது. நுனி மட்டும் ஒரு செ.மீ. தெரியும்வரை ஈயக்குண்டுகளைச் சேருங்கள். முள்ளை ஓர் அளவு சிறிதாக்குங்கள், இரையைப் பாதியாக்குங்கள். அப்போதும் மிதவை முங்கும் என்று காத்திருக்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலோ, மெல்ல உயர்ந்தாலோ கழியைத் தூக்குங்கள்.

டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை வழுக்க விடும் ரீல் பிடியை) விரலால் இழுத்துப் பார்த்ததோடு விட்டுவிடுவது

குளிரில் ரீலின் கிரீஸ் இறுகும், மோனோ (ஒற்றையிழை) நரம்பும் விறைக்கும். தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பாருங்கள். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வழுக்க வேண்டும். 6 கிலோ நரம்பென்றால் 2 கிலோவைத் தாண்டக் கூடாது.

வேடருக்கு (நீரில் இறங்கப் போடும் நீர் புகாத காற்சட்டைக்கு) மேல் பெல்ட் கட்டாமல் இறங்குவது

இறங்காதீர்கள்.

பருத்தி உடுப்பு

நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றுத் தடுக்கும் சட்டை. ஆளுக்கொரு மாற்றுத் துணி, நீர் புகாத பையில் கரையிலேயே இருக்கட்டும். யாராவது நடுங்கத் தொடங்கி, பேச்சும் குழறினால் அன்றைய மீன்பிடி அத்தோடு முடிந்தது. ஈரத்துணியைக் கழற்றி, போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுங்கள். மது கூடாது, அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து உடற்சூட்டை இன்னும் வேகமாக இழக்க வைக்கும்.