வாட்டைப் பார்க்காதீர்கள், வோல்ட்டைப் பாருங்கள்

ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் சிறிய கிளாஸ் டி (மின்சாரத்தை வேகமாக வெட்டி ஒட்டி இயங்கும் வகை) ஆம்பிளிஃபயர் சிப்பை அதில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து வாங்காமல், உங்களிடம் இருக்கும் மின்சாரம் எத்தனை வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள். செல்போன் சார்ஜர், பவர் பேங்க் என்றால் 5 வோல்ட்டுக்கான பி.ஏ.எம். 8403 சிப் போதும்; அதை 12 வோல்ட்டில் மாட்டினால் எரிந்துவிடும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு டி.பி.ஏ. 3110 நல்ல தேர்வு.

காரணம் எளிய கணக்கு. வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் (அதன் மின்தடை எண்) இருமடங்கால் வகுத்தால், ஒலி சிதையாமல் கிடைக்கும் உச்ச வாட் வரும். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க 9 வாட். '30 வாட்' சிப்பைப் பொருத்தினாலும் அதே 9 தான், கூடுதல் காசு வீண்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளைச் சேர்த்து முறுக்காதீர்கள். இந்தச் சிப்களில் மைனஸ் முனை தரை இணைப்பு அல்ல, அதிலும் ஒலி மின்னோட்டம் வருகிறது.

மத்திய அலை வானொலிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு கிளாஸ் டி சிப் பொதுவாக உதவாது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை அது மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால் இரைச்சல் எழும். மலைச்சரிவில் மெலிந்து வரும் நிலையம் அதில் அமுங்கிப்போகும். அங்கே சூடானாலும், இப்படி வெட்டி ஒட்டாத பழைய வகைச் சிப்பான டி.டி.ஏ. 2030 தான் சரி.