முதல் சுங்கான்: பார்த்துச் செய்து பழகும் முறை

புகைக்கும் பைப்புக்குத் தமிழில் சுங்கான் என்று ஒரு பழைய சொல் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதையே எழுதுகிறேன். புகையிலை உடலுக்குக் கெடுதல். நான் செதுக்கிய சுங்கான்களில் பல, தீயையே பார்க்காமல் அலமாரியில் இருக்கின்றன. இங்கே பேசப்போவது மரத்தையும் வடிவத்தையும் மட்டும்தான்.

செதுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படம் வரைந்து எடுத்துவருகிறார்கள். சங்கு, யானைத் தும்பிக்கை, மயில் கழுத்து. "யாரும் செய்யாத மாதிரி ஒண்ணு செய்யணும் சார்" என்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சங்கு போல வளைந்த தண்டுக்குள் டிரில் நேராகத்தான் போகும் என்பது, கட்டையின் பக்கவாட்டில் பொத்தல் விழுந்த பிறகு புரிந்தது. வரைந்த படத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்வோம்.

1. எதைப் பார்த்துச் செய்வது

பில்லியர்ட் என்ற வடிவம். சுங்கான் என்றதும் மனதில் வரும் அந்த நேரான வடிவமேதான். நிமிர்ந்த கிண்ணம், அதிலிருந்து நேராக நீளும் தண்டு, தண்டில் செருகிய வாய்க்குழல். கிண்ணம் நடுவில் லேசாகப் புடைத்து, மேலும் கீழும் சற்று ஒடுங்கும். தண்டின் நீளம் ஏறக்குறைய கிண்ணத்தின் உயரம். பிரான்சின் சான்-குளோத் ஊரில் 1850-களில் பிரையர் மரத்தில் சுங்கான் செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பட்டறைகளில் புழங்கிய இந்த வடிவத்தை இன்று யாரும் தனக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது. நகல் எடுக்கக் கூச்சம் வேண்டாம்.

இது எளிமையான வடிவம் என்று நினைக்காதீர்கள். அலங்காரம் எதுவும் இல்லாததால், தண்டு ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கண் பிடித்துவிடும். பழகுவதற்கு அதுவே நல்லது.

2. ஒடியோலை

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். அதுதான் ஒடியோலை. முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று எல்லாம் அந்த மடிப்புகளில் வந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒருமுறை போய், திருவாலங்காட்டு நடராஜரையும் பக்கத்தில் உள்ள மற்ற நடராஜர்களையும் மாறிமாறிப் பாருங்கள். தூக்கிய கால் அதேதான், வீசிய கை அதேதான். ஆனால் ஒருவர் இன்னொருவர் இல்லை. அளவு பொதுச்சொத்து, கை அவரவருடையது. இந்தக் கலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது இதுதான். அதை எனக்குச் சொல்லித்தந்தது சுங்கான் அல்ல, அந்தக் கூடம்.

பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த ஒரு பில்லியர்ட் படத்தை நிஜ அளவில் அச்சிடுங்கள். கிண்ணத்தின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை நறுக்கி எட்டாக மடியுங்கள். கிண்ணத்தின் அகலம் எத்தனை மடிப்பு, தண்டின் கனம் எத்தனை மடிப்பு, வாய்க்குழல் எத்தனை பட்டை நீளம் என்று படத்தில் அளந்து பட்டையிலேயே எழுதுங்கள். இதுதான் உங்கள் ஒடியோலை.

உள்ளளவுக்கு மட்டும் மில்லிமீட்டர். கிண்ணத்தின் உட்குழியின் விட்டம் 19 முதல் 20, ஆழம் 38 வாக்கில், காற்றுத்துளை 4. அந்தத் துளை குழியின் அடியில், சரியாக நடுவில் வந்து சேர வேண்டும். காற்றும் சூடும் கேட்கும் அளவுகள் இவை. புதுமை காட்டும் இடம் இதுவல்ல.

3. களிமண்ணில் ஒன்று

சென்னை கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் ஒரு கைப்பிடி களிமண் கேட்டு வாங்கி, அதில் ஒரு பில்லியர்ட் செய்யுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒடியோலையை வைத்து அளந்துவிடுங்கள், காய்ந்தால் சுருங்கிவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு விரலில் தட்டும்.

4. மரம்

துளையிட்டு வாய்க்குழலும் பொருத்திய பிரையர் கட்டையை இணையத்தில் வரவழையுங்கள். முதல் கட்டையில் நீங்களே துளை போட வேண்டாம். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா அர்போரியா என்ற புதரின் வேரடி முண்டு. அதைப் பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். சூட்டை நன்றாகத் தாங்கும். நம் ஊர் மரத்தில் செய்து பற்றவைக்கலாமா என்று கேட்கிறார்கள். எந்த மரத்தின் புகை என்ன செய்யும் என்று தெரியாமல் வேண்டவே வேண்டாம். அரளி போன்றவை நஞ்சு. சென்னையின் சூளைப் பகுதி மரக்கடைகளில் கிடைக்கும் துண்டுகள் அரம் பிடித்துப் பழக மட்டும்.

லிங்கிச்செட்டித் தெருவில் ஒரு மரவரம், ஓர் அரைவட்ட அரம், 120 முதல் 600 வரை உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். முகமூடி கட்டாயம்.

பக்கத் தோற்றத்தைக் கட்டையில் வரைந்து வெட்டுங்கள். பிறகு மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை வரைந்து வெட்டுங்கள். இப்போது எல்லாம் சதுரமாக இருக்கும். உடனே உருட்டிவிடாதீர்கள். முனைகளைச் சீவி எட்டுப்பட்டை, அதன் முனைகளைச் சீவிப் பதினாறு பட்டை, அப்புறம் வட்டம். கோயில் தூண்களில் பார்த்திருப்பீர்களே, அதே வரிசை. அவசரப்பட்டு உருட்டினால் ஒரு பக்கம் தொப்பை போட்டுவிடும், திரும்ப ஒட்ட முடியாது.

தண்டைத் தேய்க்கும்போது வாய்க்குழலைக் கழற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால்தான் இணைப்பு விரலில் தட்டாது. குழல் எபோனைட் என்ற கெட்டி ரப்பர் என்றால் தேய்க்கும்போது கந்தக வாடை வரும், பயப்பட வேண்டாம். திருவள்ளூரில் மைப்பேனா கடைவதும் இதே எபோனைட்டில்தான். வெயிலில் வைத்தால் பச்சை பூத்துவிடும். ஐப்பசி மழையில் கழுந்து (தண்டுக்குள் செருகும் குழலின் முனை) இறுகினால் முறுக்கிப் பிடுங்காமல் ஓரிரு நாள் காயவிடுங்கள்.

5. இரண்டாவதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பில்லியர்டின் கிண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு தண்டை நீட்டிக் குழலைக் குறுக்கினால் அது லிவர்பூல். அந்தக் குறுகிய குழலை, தண்டை ஒட்டிய இடத்திலேயே சட்டென்று தட்டையாக்கினால் லோவட். லிவர்பூலின் தண்டை நீள்வட்டமாக்கினால் கனேடியன். கனேடியனுக்கு லோவட்டின் குழலைப் போட்டால் லம்பர்மேன். ஒரே ஒரு மாற்றம், ஒரு புதுப் பெயர். மரபு வளர்ந்ததே இப்படித்தான். உங்கள் ஒடியோலையிலும் ஒரே ஒரு மடிப்பை மாற்றிச் செய்து பாருங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால், எது நன்றாக வந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

அடுத்தது ரேகை. பிரையரில் ஒரு திசையில் நீள்கோடுகள் ஓடும், அவற்றின் குறுக்குவெட்டில் பறவைக்கண் போலப் புள்ளிகள் தெரியும். டென்மார்க்கின் லார்ஸ் இவார்சன் உருவாக்கிய புளோஃபிஷ் வடிவத்தில் அகன்ற பக்கங்கள் அந்தப் புள்ளிகளைக் காட்டுகின்றன, வளைந்த விளிம்பில் கோடுகள் ஓடுகின்றன. வடிவத்தைக் கட்டை சொல்லியிருக்கிறது. லார்ஸின் தந்தை சிக்ஸ்டன் இவார்சனிடம் கற்ற ஜப்பானியர் ஹிரோயுகி டோகுடோமியின் வேலைகளை டென்மார்க் வேலைகளோடு சேர்த்துவைத்துப் பாருங்கள். ஆசிரியர் தெரிவார், மாணவரும் தெரிவார்.

6. எதைத் தொடக்கூடாது

பிறர் முத்திரை. டன்ஹில் வாய்க்குழலில் உள்ள வெள்ளைப் புள்ளி அந்த நிறுவனத்தின் அடையாளம், அதை உங்கள் குழலில் வைத்தால் அது போலி. ஒரு கலைஞரின் தனி வடிவத்தைப் பார்த்துப் பழகலாம். விற்கவோ காட்டவோ செய்தால் "இன்னாருடைய வடிவத்தைப் பார்த்துச் செய்தது" என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு புளோஃபிஷ் செய்து லார்ஸின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதன் பையிலேயே போட்டுவைத்திருக்கிறேன்.

உங்கள் முதல் பில்லியர்டின் ஒடியோலையைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி சுங்கானோடு வையுங்கள். இரண்டாவதன் பட்டையை அதன் மேல் வைத்துப் பார்த்து, எந்த மடிப்பு நகர்ந்திருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூன்றாவது கட்டையை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கலாம்.