நாலு 'நார்மல்' சீட்டுகள்

2016-இல் வெறும் வயிற்றில் சர்க்கரை 5.1. அப்புறம் 5.4, 5.7. 2022-இல் 6.0. மொரீஷியஸில் சர்க்கரையை மில்லிமோலில்தான் தருவார்கள். இந்தியாவின் மில்லிகிராம் கணக்கு வேண்டுமானால் 18-ஆல் பெருக்குங்கள்: 92-இல் தொடங்கி 108. நாலு தடவையும் 'நார்மல்' என்றார்கள், நானும் சீட்டை அலமாரியில் போட்டுவிட்டேன். நாலையும் ஒரே பக்கத்தில் எழுதிய அன்றுதான் ஏற்றம் கண்ணில் பட்டது. அப்பாவுக்குக் கால்புண் ஆறாதபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது.

வாத்தியார் வேலையில் மிஞ்சிய ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். இடப்பக்கம் தேதியும் எண்ணும். வலப்பக்கம் அப்போது நடந்தது: காய்ச்சல், புது மாத்திரை, முதல்நாள் கல்யாணச் சாப்பாடு. கூடுமானவரை ஒரே லேபுக்குப் போங்கள்.

பிரஷரை வீட்டிலேயே பாருங்கள். அரைமணி முன்பிருந்தே டீ, காபி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேசக் கூடாது, நடுவில் என் மனைவி சந்தைக்கணக்கு கேட்டால் எண் ஏறிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். காலை, மாலை என ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் நோட்டோடு போங்கள். கைப்பட்டையையும் கவனியுங்கள். என் கை பருமன். மெஷினோடு வந்த பட்டை இறுக்கம். இரண்டு மாதம் சும்மா பயந்தேன், பெரிய பட்டை போட்டதும் எண் இறங்கியது.

மாதம் ஒருமுறை இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். நம் உடம்புவாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை.

காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து மறுநாள் ரத்தம் கொடுத்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும். எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தச் சோதனை அப்படி லேசில் ஏமாறாது, அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. இது மில்லிமோல் அல்ல, சதவீதம்: 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

இந்த நாடும் ஒரு நோட்டு வைத்திருந்தது. 1987-இல் கொலஸ்ட்ராலை அளந்தார்கள். ரேஷன் எண்ணெய் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாறியது. 1992-இல் மறுபடி அளந்தபோது சராசரி 5.5 மில்லிமோல் 4.7 ஆகியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு: கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலை முருகன் கோவில் படியேறும்போது எத்தனை இடத்தில் நின்றேன் என்று. (நெஞ்சை அடைத்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.) 2019-இல் இரண்டு. போன வருஷம் நாலு. இந்த வருஷம் மூன்று. வலப்பக்கத்தில் 'முட்டி வலி'.