சத்தம் நின்றதும் மருந்தையும் நிறுத்துகிறோம்

“ஆஸ்துமாவெல்லாம் இல்லைங்க, லேசா வீசிங்தான்.” மகளைப் பற்றிக் கேட்டவர்களிடம் நானும் மனைவியும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டர் சீட்டில் ஆஸ்துமா என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, வெளியே வீசிங் என்போம்.

வீசிங் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். சுருங்கிப்போன மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வெளியேறும்போது வரும் விசில். எல்லா விசிலும் ஆஸ்துமா கிடையாது. சின்ன வயதில் சளி பிடிக்கும்போது மட்டும் இரைக்கும் குழந்தைகள் பலருக்குப் பள்ளி வயதை எட்டும்போது அது தானாகவே போய்விடுகிறது. ஆனால் சளி இல்லாத நாளிலும் இரவில் இருமல், ஓடினால் இருமல், விழுந்து விழுந்து சிரித்தால் இருமல் என்று இருந்து, டாக்டரும் ஆஸ்துமா என்று சொல்லிவிட்டால், அந்தப் பெயரை மறைப்பதில் நஷ்டம் குழந்தைக்குத்தான். பெயரைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் பள்ளியில் சொல்ல மாட்டார்கள், பையில் இன்ஹேலர் கொடுத்தனுப்ப மாட்டார்கள். நாங்களும் அனுப்பவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, சத்தம் நின்றால் நோயும் போய்விட்டது என்று நினைப்பது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கி, எதைப் பார்த்தாலும் சிலிர்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. குழந்தை ஓடியாடி விளையாடும் நாட்களிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கலாம். அதனால்தான் இரண்டு வகை இன்ஹேலர் தருகிறார்கள். சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் கேட்கும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. அதற்குத்தான் தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

நமக்கு எது பிடிக்கும்? கண்ணெதிரே வேலை செய்வதுதான். மற்றதை மூன்றாவது வாரமே, “இப்பதான் நல்லா இருக்காளே” என்று நிறுத்திவிடுகிறோம். நல்லா இருப்பதே அதனால்தான் என்பது அடுத்த சளி வரும்போது தெரியும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டாலோ, இருமலால் தூக்கம் கலைந்தாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019இலேயே சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே பயப்படுகிறோம். தசை வளர்க்கப் போடும் ஊசி ஞாபகம் வருகிறது. அது வேறு ரகம். உண்மையான கணக்கைப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கடுமையான இரைப்பு வந்தால், வாய்வழியாகத் தரும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசலோன் ஒரு நாளைக்குக் குறைந்தது 20 மில்லிகிராம். தினசரி இன்ஹேலரில் குறைந்த அளவு என்றால் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம் வரைதான், அதாவது அதில் நூறில் ஒரு பங்கு. இரண்டும் வேறு மருந்துகள், அப்படியே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனாலும் எதற்குப் பயந்து எதை நோக்கி ஓடுகிறோம் என்பது புரியும். சின்ன டோஸைத் தவிர்த்தவர்கள்தான் அடிக்கடி பெரிய டோஸில் போய் நிற்கிறார்கள்.

அதற்காகப் பக்கவிளைவே கிடையாது என்று சொன்னால் அது பொய். அப்படிச் சொல்லும் டாக்டர்களால்தான் சந்தேகம் கூடுகிறது என்பது என் எண்ணம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுவயதில் நாலைந்து வருடம் தினம் 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுத்தவர்கள், வளர்ந்த பின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். உயர விஷயத்தில் தெரிந்தது அவ்வளவுதான். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்ற பயத்துக்கு மட்டும் எந்த அடிப்படையும் இல்லை.

சரி, மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை என்றால் சாது என்ற எண்ணம். மான்டெலுகாஸ்ட் மாத்திரையால் தூக்கக் கோளாறு முதல் மனநிலை மாற்றங்கள் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. சிலருக்கு அது தேவைப்படலாம். ஆனால் இன்ஹேலரைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்துக் கேட்க வேண்டாம். நெபுலைசரும் இப்படித்தான். புகை புகையாக வருவதால் பெரிய வைத்தியம்போலத் தெரிகிறது. மிதமான இரைப்புக்கு, ஸ்பேசரோடு (இன்ஹேலரோடு பொருத்தும், முனையில் மாஸ்க் உள்ள பிளாஸ்டிக் குழல்) கொடுக்கும் இன்ஹேலரும் அதே அளவு வேலை செய்யும்.

ஆனால் சரியாகக் கொடுக்க வேண்டும். இன்ஹேலரைக் குலுக்கி, மாஸ்க்கை மூக்கையும் வாயையும் சேர்த்துக் காற்று கசியாதபடி அழுத்தி, ஒரே ஒரு பஃப். குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சு விடட்டும். ஸ்பேசரின் வால்வு அசைவது தெரியும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் ஒன்றாக அடித்துவிட்டு “வேலை முடிஞ்சுது” என்பது வேலைக்காகாது. அலறி அழும் குழந்தைக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடும், நுரையீரலுக்குக் கொஞ்சம்தான் போகும். முதலில் பொம்மைக்கு ரெண்டு பஃப் கொடுத்து விளையாடியது எங்களுக்கு உதவியது. ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம்.

அப்புறம் ஸ்பேசரைக் கழுவுவது. நான் கழுவி, துண்டால் பளபளவென்று துடைத்து வைப்பேன். துடைக்கத் துடைக்க பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும்.

விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தத் தோன்றுகிறது என்றால் சிகிச்சை போதவில்லை. வீட்டில் யாராவது புகைபிடித்தால் பால்கனிக்குப் போய்ப் பிடிப்பதும் போதாது, புகை சட்டையோடு உள்ளே வந்துவிடும்.

உயிருக்கே ஆபத்தான தவறு, “விடியட்டும், பார்க்கலாம்” என்பது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையிலேயே திணறி நிற்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, குழந்தை சோர்ந்து சரிகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். முக்கியமாக, மூச்சுத் திணறும் குழந்தையிடம் விசில் சத்தம் திடீரென்று அடங்கினால் நிம்மதி அடையாதீர்கள். விசில் அடிக்கும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று இருக்கலாம். வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியே சால்பியூட்டமால் நாலு பஃப், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. நாலு நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி நாலு. உங்கள் குழந்தைக்கு எப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

மருந்தைக் குறைக்கலாமா என்ற கேள்வியையும் அவரிடமே கேட்கலாம். மூன்று மாதம் தொந்தரவில்லாமல் போனால் பெரும்பாலும் படிப்படியாகக் குறைப்பார்கள். போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோங்கள். எங்களிடம் “எங்கே, செஞ்சு காட்டுங்க” என்று ஒருவர் கேட்டது நாலாவது விசிட்டில்தான். காட்டினேன். மகளின் மூக்கோரம், மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.